தம்பி அனுப்பிய சாவி

எம்பிராய்டரி அக்காவின் வாய்க்குப் பூட்டு கிடையாது. சட்டையில் பெயர் பின்னித் தரச் சொல்லி வருகிறவர்களிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது, போய் வேற துணி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிற வியாபாரி ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பள்ளிக்கூடத் தாளாளர் ஒருவர் புதிய பள்ளிச் சின்னத்தைத் தாமே வரைந்து, பெருமை பொங்க அவள் முன்னால் நீட்டினார். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கழுகா, கோழியா?" என்று கேட்டுவிட்டாள். மனுஷருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஆர்டரை வேறு யாரிடமும் கொண்டுபோகவில்லை. அவளுடைய மெஷினில் ஏறி இறங்கினால் அந்தக் கோழி கழுகாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அப்படியே ஆபீஸ் அறையில் எட்டிப் பார்த்து, சட்டைக்குச் சின்னம் பின்னுகிற ஆர்டரையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கும் கோபம் வந்தால் மட்டும் அவள் "எம்பிராய்டரி அக்கா" ஆகிவிடுவாள். மற்ற நேரங்களில் பெயரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, "ஏய்" தான்.

வீட்டின் முன்னறை முழுக்க மெஷின். பதினைந்து ஊசி, பதினைந்து நூல்கண்டு, தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். அது ஓட ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கிற டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். பின்னறையில் இவர்கள் இரண்டு பேரும் ஒடுங்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். அக்கா அந்த மெஷினுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தாள். நூல் அறுந்து மெஷின் கத்தினால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, "வரேன் வரேன், கூப்பாடு போடாதே" என்று ஓடுவாள்.

அந்த மகாராணிக்கு ஒரு குறை உண்டு. படத்தைக் காட்டினால் அதற்குப் புரியாது. எந்தத் தையல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும், எந்த நிறம் முதலில் என்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலாக்கி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால்தான் ஓடும். அந்த ஃபைலைத் தயாரிக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அது அக்காவிடம் இல்லை. அடுத்த தெருவில் ஒருவரிடம் இருந்தது. அவரை ஊரே 'நாளைக்கு அண்ணன்' என்று கூப்பிட்டது. எப்போது போய் நின்றாலும், "நாளைக்குக் குடுத்துடறேன்மா" என்பார். நாளைக்குப் போனாலும் அதே பாட்டுத்தான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவர் வீட்டு வாசலில் அக்கா தவம் கிடப்பாள். அவரைத் திட்டவும் முடியாது, அவரை விட்டால் ஆள் கிடையாது. உள்ளதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறவள் நாக்கைச் சுருட்டி வைத்துக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், சொந்தமாகச் சாஃப்ட்வேர் வாங்கிவிடுவது என்று டீலர் கடைக்குப் போனாள். டீலர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கட்டை. அதைக் கம்ப்யூட்டரில் செருகி வைத்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். தொழிலில் அதைச் சாவி என்பார்கள். விலையைக் கேட்டதும் அக்கா டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"ஆடை ஆலைங்க நிறைய இருக்கற நாட்டுல எல்லாம் இதுல மூணுல ஒரு பங்குதானாமே? நாளைக்கு அண்ணன் சொன்னாரு."

"உண்மைதான் மேடம். கம்பெனி உலகத்தையே ஏரியா ஏரியாவாப் பிரிச்சு வெச்சிருக்கு. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விலை."

"டப்பா வேறயா?"

"அதே டப்பாதான்."

"உள்ள இருக்கறது?"

"அதுவும் அதேதான். அங்க வாங்கறவங்க ஜாஸ்தி, அதனால இறக்கிக் குடுக்கறாங்க. நம்ம ஏரியால கேட்டதைக் குடுப்பாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"யாரைப் பார்த்துக் கணக்குப் போட்டாங்க? என்னையவா?" என்று அக்கா கேட்டாள். டீலர் சிரித்து மழுப்பினார். அவர் என்ன செய்வார், பாவம். எங்கோ ஒரு குளிர்சாதன அறையில் யாரோ வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களெல்லாம் வசதியானவர்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மழை பெய்தால் மகாராணிக்கு மேலே தார்ப்பாய் கட்ட வேண்டியிருக்கிறது என்பதை அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் போட்டு அத்தனையையும் கொட்டித் தீர்த்தாள். அவளுக்கு அது ஒரு பழக்கம். தம்பி அவளைவிடப் பத்து வயது சின்னவன். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்தாள். வேன்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேனில் முன் சீட்டு அவனுக்கு என்று ஆக்கிவிட்டார். அவன் வளர்ந்து கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டான். பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்று அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியது. அந்த நாடும் ஆடை ஆலைகள் நிறைந்த நாடுதான், சாவி அங்கேயும் மலிவாகத்தான் இருக்கும் என்பது அக்காவுக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் அவன் லீவில் வர வேண்டிய வருஷம். அவன் வரவில்லை. அவனோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் அதே டப்பா. மேலே ஒட்டியிருந்த துண்டுத் தாளில், "டிக்கெட் காசுல இதை வாங்கிட்டேன். இந்த வருஷம் எனக்குப் பதிலா இது வருது. திட்டாதே" என்று எழுதியிருந்தான்.

திட்டாமல் இருப்பாளா? "லூசு, லூசு" என்று டப்பாவையே திட்டினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியைப் பில் போடுகிற கம்ப்யூட்டரில் செருகினாள். சாஃப்ட்வேர் ஏறியது. பதிவு செய்ய இன்டர்நெட் கேட்டது, கொடுத்தாள். அடுத்த நொடி திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. இந்தச் சாவி வேறு பிராந்தியத்துக்கு உரியது, இங்கே இயங்காது என்றது.

டீலருக்குப் போன் போட்டாள். "அங்க வாங்கினா அங்கதான் மேடம் திறக்கும். டப்பாக்கு அடியிலயே போட்டிருக்கே" என்றார். திருப்பிப் பார்த்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. வேன்காரர் தன் பங்குக்குக் கம்ப்யூட்டரின் நாட்டையும் நேரத்தையும் மாற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர், தான் தம்பியின் நாட்டில் இருப்பதாக நம்பிவிட்டது. சாவி நம்பவில்லை. நேரத்தைத் திரும்ப மாற்றப் போனவரை அக்கா தடுத்துவிட்டாள். "இருக்கட்டும். அவன் இப்ப சாப்பிட்டிருப்பானா, தூங்கியிருப்பானான்னு பார்த்துக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து அவள் போடும் பில்லில் எல்லாம் நேரம் தப்பு. வாடிக்கையாளர்கள் கேட்டால், "கம்ப்யூட்டர் வெளிநாட்டுல இருக்கு" என்பாள்.

அன்று சாயங்காலம் தம்பி வீடியோவில் வந்தான். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் சிமென்ட் தூசி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அவனைச் சுற்றி அறைத் தோழர்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படிக்கா இருக்கு?"

உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷத்தில் நாக்கு நுனிக்கு வந்த உண்மையை அவள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீ வராமல் போனதும் வீண், நீ அனுப்பியதும் வீண் என்று எப்படிச் சொல்வாள்?

"அருமையா இருக்குடா" என்றாள்.

கதவோரம் டீயோடு நின்ற வேன்காரர் அசந்துபோய்விட்டார். போனை வைத்ததும், "உனக்குப் பொய்கூட வருமா?" என்றார். "வந்துடுச்சே, என்ன பண்ண?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு பொய்யோடு முடியுமா? ஒவ்வொரு ஆர்டருக்கும் பழையபடி நாளைக்கு அண்ணன் வாசலில் போய் நின்றாள். பின்னி முடித்ததைப் போட்டோ எடுத்து, தானே டிசைன் போட்டதாகத் தம்பிக்கு அனுப்பினாள். "இதுக்கு எவ்வளவு நேரமாச்சு?" என்று அவன் கேட்பான். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். ஒரு சட்டைப் பையில் மஞ்சள் கிரேன் ஒன்றைப் பின்னி அவனுக்கே அனுப்பிவைத்தாள். அவன் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போட்டுக்கொண்டு, "எங்க அக்கா போட்டது, நான் வாங்கிக் குடுத்த சாஃப்ட்வேர்ல" என்று தொழிலாளர் கேம்ப் முழுக்கக் காட்டிவிட்டு வருவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருக்கும்.

இப்படியே ஓடியிருக்கும். தம்பியோடு தங்கியிருந்த வெல்டர் ஒருவர்தான் குறுக்கே வந்தார். தம்பி போனில் சொன்னான்:

"அக்கா, ஒரு நல்ல சேதி. என் ரூம்ல வெல்டர் அண்ணன் இருக்காரில்ல, அவரும் நம்ம நாட்டுக்காரர்தானே. அவங்க வீட்லயும் பழைய மெஷின் ஒண்ணு போட்டிருக்காங்களாம். அவரும் சாவி வாங்கப் போறாரு. சம்பளம் வந்ததும் வாங்கி, லீவுக்கு வரும்போது கையோட எடுத்துட்டு வராரு."

அக்கா போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். "கொஞ்சம் யோசிச்சு வாங்கச் சொல்லுடா" என்று மென்று விழுங்கினாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீதான் அருமைன்னு சொல்றியே. அவர் வீட்டம்மாவுக்குத்தான் சந்தேகமாம். எங்க அக்கா சொன்னா சொன்னதுதான், அதுக்குப் பொய்யே வராதுன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஃப்ரேமில் துணியைக் கோணலாக மாட்டி, ஒரு நர்ஸ் கோட்டைப் பாழாக்கினாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இப்படித்தான் யாரோ ஒரு 'நாளைக்கு அண்ணன்' வாசலில் கால் கடுக்க நின்றிருப்பாள். டப்பாவைப் பிரித்துச் சாவியைச் செருகிவிட்டு, அந்தக் கட்டத்தை வெறித்துப் பார்ப்பாள். புருஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.

"சொல்லிடு" என்றார் வேன்காரர்.

"அவன் உடைஞ்சு போயிடுவானேங்க."

"உடையட்டும். உன் தம்பி தாங்குவான். அந்தப் பொம்பளைக்கு நீ என்ன பதில் சொல்லுவே?"

மறுநாள் அவன் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அது வரவும் வராது. "டேய், அந்தச் சாவி இங்க திறக்கவே இல்லடா. அங்க வாங்கினது அங்கதான் திறக்குமாம். அதை வாங்க வேணாம்னு வெல்டர்கிட்ட சொல்லிடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

பாலத்து இரைச்சலுக்கு மேல் அவன் குரலை உயர்த்திக் கேட்டான்.

"அப்ப அந்தச் சட்டை?"

"நாளைக்கு அண்ணன் போட்டது."

"பள்ளிக்கூடத்துக் கழுகு?"

"அதுவும் அவர்தான்."

அப்புறம், அவன் சின்ன வயதில் காய்ச்சலோடு பேசுகிற மாதிரி ஒரு குரலில், "அப்ப நான் ஊருக்கே வந்திருக்கலாம்" என்றான். போனை வைத்துவிட்டான்.

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தட்டிவிடும் செய்திகளைப் பார்ப்பான், பதில் வராது. அக்கா வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கோபப்படுத்தியிருக்கிறாள். அதெல்லாம் உண்மையைச் சொன்னதால் வந்த கோபம், அதற்கெல்லாம் அவள் தூக்கம் கெட்டதில்லை. இது வேறு. கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்ப்பாள், இப்போது ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்திருப்பான் என்று நினைப்பாள், போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பாள். மகாராணி நூல் அறுந்து கத்தினால்கூட மெதுவாகத்தான் எழுந்து போனாள். வேன்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னையாவது திட்டேன், வீடு வீடு மாதிரியே இல்ல" என்றார்.

வெல்டர் லீவில் வந்ததும் தேடிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல உயரமான மனிதர், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து உட்கார்ந்தார். "நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் மாட்டியிருப்பேன் அக்கா. என் வீட்டுக்காரி உங்களைப் பார்க்கணும்னு சொல்லிட்டே இருக்கா" என்றார். டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி அந்தச் சாவியைக் கேட்டான். போகும்போது வாங்கிட்டு வரச் சொன்னான். டப்பாவோட."

"வேற ஏதாவது சொன்னானா?"

"இல்லக்கா. அவ்வளவுதான் சொன்னான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் பார்ப்பான், இல்லையென்றால் விற்றுவிடுவான். நியாயம்தானே, அவன் காசு. உள்ளே போய் டப்பாவை எடுத்து, மிச்சத் துணியில் சுற்றி, நாலு பக்கமும் ஊசி குத்திக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தாள். ஊர் வாயையெல்லாம் அடைக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வெல்டர் போனதும் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு பிளாஸ்டிக் கட்டைக்காக யாராவது இப்படி அழுவார்களா? அவள் கட்டைக்காக அழவில்லை. தம்பி தன்னிடம் கொடுத்த ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டான் என்று அழுதாள்.

வெல்டர் லீவு முடிந்து திரும்பிப் போய், அதற்கப்புறமும் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் டிங் என்றது. தம்பியிடமிருந்து வந்திருந்தது. நலமா, சுகமா எதுவும் இல்லை. ஒரு ஃபைல் மட்டும். மெஷினுக்குப் போடுகிற டிசைன் ஃபைல்.

அக்கா உடனே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பென் டிரைவில் ஏற்றினாள், ஃப்ரேமில் வெள்ளைத் துணியை இழுத்து மாட்டினாள், பட்டனைத் தட்டினாள். மகாராணி கடகடவென்று ஓடி, சட்டென்று நின்று, ஓர் ஊசியை முறித்துப்போட்டது. மாற்றினாள். இன்னும் கொஞ்சம் ஓடி இரண்டாவது ஊசியையும் முறித்தது. ஒருவழியாக முடிந்து வெளியே எடுத்துப் பார்த்தால், அது ஒரு நட்சத்திரம். நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். நூல் ஒரே இடத்தில் குவிந்து குவிந்து, துணி நாலாபக்கமும் சுருங்கிப்போயிருந்தது. ஓரக்கோடு நட்சத்திரத்தை விட்டு விலகித் தனியாக ஓடியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு இந்தக் கொலையைச் செய்தவன் எவன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"யாருடா போட்டது இதை?"

"நான்தான்."

அவனே பேசினான், மூச்சுவிடாமல்.

"சாவி இங்கதானே திறக்கும்? அதான் சாவியை இங்க வரவெச்சேன். பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை ஆனா ஆலை சூப்பர்வைசர் ஒருத்தர்கிட்ட போய்க் கத்துக்கறேன்க்கா. இனிமே நீ படத்தை அனுப்பு, நான் தையலாக்கி அனுப்பறேன். வெல்டர் வீட்டுக்கும் நான்தான் போடப் போறேன். நீ யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, பயந்த மாதிரி கேட்டான். "எப்படிக்கா இருக்கு?"

கையில் இருந்த துணியைப் பார்த்தாள். நாற்பது டன் இரும்பை அலுங்காமல் தூக்கி வைக்கிற கை இதைப் போட்டிருக்கிறது. பல நாள் பேசாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை, உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டிருக்கிறான். கதவோரம் வேன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேவலமா இருக்குடா" என்றாள். "ரெண்டு ஊசி போச்சு. இப்படி நெருக்கி நெருக்கிப் போட்டா துணி எங்கடா போகும்? ஓரக்கோடு ஒரு ஊர்ல இருக்கு, நட்சத்திரம் ஒரு ஊர்ல இருக்கு. தையலை எந்தப் பக்கம் ஓட விட்டிருக்கே, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டியா? இதைச் சட்டையில வெச்சா போட்டவனைப் பார்த்துத் தெரு நாய்கூடச் சிரிக்கும்." சொல்லச் சொல்லக் குரல் உடைந்து, பாதி வார்த்தை அழுகையில் போய்விட்டது. சுருங்கிப்போன அந்தத் துணியாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அவன் சிரிக்கிறானா, அழுகிறானா என்று தெரியவில்லை.

"அழுதுட்டே திட்டாதக்கா, பாதி புரியல" என்றான். "பேனா எடுத்துட்டேன். முதல்ல இருந்து திட்டு."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.